மேற்கு வாசல் வெயில்

நாடகக்காரர்களின் கர்வம் எத்தனை அங்குலம் என்று எனக்குத் தெரியும். அதை அளந்து, எழுத்துக் கோர்த்து, மை தடவி அச்சடித்தவன் நான். மதுரையில் மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த அச்சாபீஸில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தேன். ராஜபார்ட் வந்து தன் பேர் கொட்டை எழுத்தில் வரவேண்டும் என்பார். அவர் படியிறங்கியதும் பபூன் வந்து, ராஜபார்ட்டை விட ஒரு நூல் குறைந்தாலும் மேடை ஏறமாட்டேன் என்பார். ஆர்மோனியக்காரர் தன் பேருக்கு இரண்டு பக்கமும் பூப்போடச் சொல்வார். இவர்கள் எல்லாரையும் ஒரு முழக் காகிதத்துக்குள் சண்டையில்லாமல் உட்கார வைப்பதற்குள் எனக்கு அரை ஆயுசு போய்விடும்.

பேசும் படம் மதுரைக்கு வந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்த சமயம். தை மாசத்தில் ஒரு நாள் முத்திருளன் என்கிற ஆள் வந்தார். காலெல்லாம் கரிசல் மண். சின்ன வயசில் வீட்டை விட்டு ஓடிப்போய் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் பாடியவராம். குரல் உடைந்ததும் கம்பெனி கைவிட, ஊருக்குத் திரும்பி விவசாயம் பார்க்கிறார். கையில் ஒரு பட்டியல் இருந்தது.

"நாலு பேருங்க. அம்புட்டுப் பேரும் ஒரே எழுத்துல இருக்கணும். கூடக் குறைய இருக்கப்படாது."

"யார் பேர் முதலில்?"

"யாரு மொதல்ல வந்தாகளோ அவுக பேரு மொதல்ல."

பட்டியலில் முதல் பேர் சுடலை. அதற்கு நேரே தப்பு என்று எழுதியிருந்தது. எங்கள் முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தப்பு அடிக்கிறவன் பேரை நோட்டீஸில் போடுகிற வழக்கம் இல்லையே என்றார்.

"வழக்கம் இல்லேன்னுதான் இங்க வந்தேன். வழக்கமா இருந்தா தண்டோரா போட்டே முடிச்சிருப்பேன்" என்றார் முத்திருளன்.

நேரம் மாலை நாலு மணி என்று இருந்தது. நாலு மணிக்கு எந்த ஊரில் கூத்து நடக்கும்? ஒன்பதரை என்று திருத்தட்டுமா என்று கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "எங்க ஊர்ல ராத்திரி ஆம்பளை கெடையாது தம்பி."

அந்த வட்டாரத்தில் அப்போது ரேகைச் சட்டம் இருந்தது. குற்றம் செய்தவன், செய்யாதவன் என்று பாராமல் முத்திருளன் சாதியில் பிறந்த ஆம்பளைகளின் கைரேகையைச் சர்க்கார் பதிந்து வைத்திருந்தது. விளக்கு வைக்கிற நேரம் ஆனதும் பாயைச் சுருட்டிக்கொண்டு சாவடிக்குப் போய் ஆஜர் சொல்லிவிட்டு அங்கேயே படுத்துக் கிடக்க வேண்டும். கூத்து என்றால் ராத்திரி. ராத்திரி என்றால் சாவடி. ஆகவே அந்த ஊர் ஆம்பளைகள் கூத்துப் பார்த்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. பகலில் கூத்துப் போடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. இவருக்குத் தோன்றியிருக்கிறது. அந்த ஒரு பதில்தான் என்னை பஸ் ஏற்றியது.

உசிலம்பட்டி ரோட்டில், நாகமலை புதுக்கோட்டை விலக்கில் இறங்கித் தெற்கே இரண்டு மைல் நடந்தேன். பருத்தி மாறு பிடுங்கிய கரிசல், அதைத் தாண்டி மிளகாய்த் தோட்டம், தோட்டத்து மூலையில் கிணறு. கிணற்றுக்குக் கிழக்கே பருத்தி போட்டுவைக்கிற நீளமான மண்சுவர்க் கொட்டகை. கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். அன்று அமாவாசை. அமாவாசையன்று அந்தப் பக்கத்தில் மாட்டைப் பூட்ட மாட்டார்கள். மாட்டுக்கும் ஓய்வு, மனுஷனுக்கும் ஓய்வு என்பதால் அந்த நாளைத்தான் கொட்டகைக்கு வைத்திருந்தார்கள்.

நான் நுழைந்தபோது முத்திருளனின் சம்சாரம் அன்னக்கொடி கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள். முப்பது வயசுக்குள் இருக்கும். கம்மங்கஞ்சியும் சின்ன வெங்காயமும் சுட்ட கருவாடும். ஒரே மாதிரியான மண் கலயங்கள் வரிசையாக இருந்தன.

"யாரு மொதல்ல வந்தது?" என்றாள்.

"நாந்தான் ஆத்தா" என்றார் நரைத்த மீசையோடு இருந்த சுடலை. ஊர் அவரை அவன் என்றுதான் சொல்லும். நான் அவர் என்றே எழுதுகிறேன்.

அடுத்தது தோல்பாவைக்கார கண்ணுச்சாமி. மூன்றாவதாக நின்றவளைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டியலில் இருந்த ரெங்கம்மாள் வேறு யாரோ என்றுதான் நினைத்திருந்தேன். இவள் ஸ்திரீபார்ட் ரெங்கம்மாள்! நாலு ஜில்லாவில் பேர் போனவள். அவள் பேருக்கு மட்டும் எங்களிடம் தனியாக மரத்தில் செதுக்கிய எழுத்து உண்டு.

"ஏ அன்னம், போற ஊர்லயெல்லாம் எனக்குத்தான் மொத மரியாதை. இங்க வந்து மூணாவது ஆளா நிக்கிறேன் பாரு" என்றாள் ரெங்கம்மாள்.

"வந்த வரிசைதான் அக்கா. வெள்ளன வாங்க, மொதக் கஞ்சி ஒங்களுக்கு."

"வெள்ளன வரணும்னா நான் பாதி ராத்திரியில மருதைய விட்டுக் கெளம்பணுமே."

"சுடலைண்ணே கோழி கூப்புட வந்துட்டாக" என்றாள் அன்னக்கொடி. ரெங்கம்மாள் முனகிக்கொண்டே கலயத்தை நீட்டினாள். கர்வத்தை அங்குலக் கணக்கில் அளந்தவனுக்கு அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

கொட்டகை கூடின கதையை முத்திருளன் சொன்னார். முந்தின வருஷம் ஐப்பசி மழையில் அவர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு தனியாக அழுதுகொண்டிருந்திருக்கிறார். அழுததா பாடினதா என்று அவருக்கே தெரியாதாம். துஷ்டி வீட்டில் சாவுக்கு அடித்துவிட்டுத் திரும்பிய சுடலை மழைக்குக் கூரையோரம் ஒதுங்கியிருக்கிறார். ஒதுங்கினவர் சும்மா நிற்காமல் அந்தப் பாட்டுக்கு விரல் நுனியால் தப்பைத் தட்டியிருக்கிறார். தப்பு அப்படிப் பேசி முத்திருளன் கேட்டதே இல்லை. அன்னக்கொடி எட்டிப் பார்த்து, "உள்ள வாங்கண்ணே, தோல் நனைஞ்சிரும்ல" என்றாளாம். சுடலை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நின்ற இடத்திலேயே நின்றாராம். "வழக்கம் ஒங்களுக்குத் தெரியும், நனையுற தோலுக்குத் தெரியுமா?" என்று அவள் தப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தப்பு போன இடத்துக்கு அவரும் போகவேண்டியதாயிற்று.

அன்று கஞ்சி கொடுத்தபோது சுடலை மடியிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்து நீட்டியிருக்கிறார். அவர்களுக்குத் தனிப் பாத்திரம் என்பது ஊர் வழக்கம். அன்னக்கொடி சிரட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது கஞ்சிக்குச் சின்னதாவுல்ல இருக்கு" என்று கூரை எரவாணத்தில் செருகிவிட்டுக் கலயத்தில் ஊற்றிக் கொடுத்தாளாம்.

"எனக்கு ஆசைதான் தம்பி இருந்துச்சு. கொட்டகையைக் கட்டுனது அவ" என்றார் முத்திருளன்.

கொட்டகையில் இன்னொரு சட்டமும் இருந்தது. தெரிந்த வேலையைச் செய்யக் கூடாது. ரெங்கம்மாள் அங்கே பாடக் கூடாது. கண்ணுச்சாமி ராமாயணத்தைத் தொடக் கூடாது. சாவுக்கு அடிக்கிற அடியைச் சுடலை அடிக்கக் கூடாது. இதற்காகவா ரெங்கம்மாள் இத்தனை தூரம் வருகிறாள் என்று அவளிடமே கேட்டேன்.

"பதினாறு வருசமா வள்ளி வேசங்கட்டி ஒரே தினைப்புனத்துல ஒரே கிளியை வெரட்டிக்கிட்டு இருக்கேன். கிளிக்கே சலிச்சுப் போச்சு. எனக்குச் சலிக்காதா?" என்றாள்.

அவர்கள் செய்ததில் பாதி சகிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாட்டு மணிச் சத்தத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறேன் என்று முத்திருளன் செய்த காரியத்தில் மாடு மிரண்டு முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டது. ஆனால் மீதிப் பாதி இருக்கிறதே, அதற்கு மதுரையில் எந்தக் கொட்டகையிலும் டிக்கெட் கிடையாது.

பகலில் விளக்கு இல்லாமல் பாவையை எப்படி ஆட்டுவது என்று கண்ணுச்சாமி இரண்டு மாசம் சும்மா உட்கார்ந்திருந்தாராம். ஒரு நாள் அன்னக்கொடி துவைத்த வேட்டியைக் கொட்டகைக்குள் குறுக்கே உலர்த்திவிட்டு மேற்கு வாசலைத் திறந்திருக்கிறாள். நாகமலையின் வால் பக்கம் இறங்குகிற வெயில் நேராக உள்ளே வந்து வேட்டியில் விழுந்தது. வாசலுக்கு வெளியே கட்டியிருந்த காளை தலையைத் திருப்ப, கொம்போடு அதன் நிழல் வேட்டியில் திரும்பியது. கண்ணுச்சாமி பாவைப் பெட்டியைத் திறக்க ஓடினார். அன்றிலிருந்து சூரியன்தான் விளக்கு. பாவையும் மனுஷியும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே வேட்டியில் நிழலாக ஆடுவதை நான் அங்கேதான் பார்த்தேன். வெயில் தோலுக்குள் புகுந்து சிவப்பும் பச்சையுமாக வேட்டியில் சொட்டும். ரெங்கம்மாள் மட்டும் கறுப்பாக நிற்பாள். அவள் விரல் அசைந்தால் சுடலையின் விரல் தப்பில் அசையும். மலைக்குப் பின்னால் சூரியன் போனதும் ஆட்டம் தானாக முடியும். ஆம்பளைகள் பாயைச் சுருட்டிக்கொண்டு சாவடிக்குப் போவார்கள்.

மாசி அமாவாசை முடிந்து, பங்குனிக்கு நோட்டீஸ் கொடுக்க நான் போயிருந்த அன்றுதான் விருமாண்டி வந்தார். முத்திருளனுக்குச் சித்தப்பா. ஆள் கதவு நிலைக்கு உயரம். தலைப்பாகையோடு வாசலுக்கு வெளியிலேயே நின்றார்.

"ஏண்டா முத்திருளா, பருத்திக் கொட்டகையில எம்புட்டுப் பருத்தி கெடக்கு?"

"பருத்தி எடுத்தாச்சே சித்தப்பு."

"பின்ன என்ன கெடக்கு? மருதைக் கூத்தாடிச்சி ஒருத்தி. பாவைக்காரன் ஒருத்தன். கீழத்தெருச் சுடலை. மூணு பேரும் ஒரே பாயில. ஒம் பொண்டாட்டி அவனை அண்ணேங்கிறாளாமே?"

"வயசுல மூத்தவுகளை வேற என்னன்னு மாமா கூப்புடுறது?" என்றாள் அன்னக்கொடி.

விருமாண்டி அவள் பக்கம் திரும்பவில்லை. "சாவடியில தலை எண்ணிக் குடுக்குறது நானு. வெளியாளு வந்து போறான்னு ஸ்டேசனுக்குத் தெரிஞ்சா ஏட்டய்யா ஒன்னையவா கேப்பாரு? போன வருசம் ஒருத்தன் காய்ச்சல்ல வராததுக்கு எம் முதுகு வீங்குச்சு. ஒங் கூத்துக்கும் எம் முதுகாடா?"

முத்திருளன் தலையைக் குனிந்துகொண்டார். விருமாண்டி சொன்னதில் பொய் இல்லை. அவர் பயமும் பொய் இல்லை.

"கூனையும் வடமும் எங்கிட்டத்தான இருக்கு? கொட்டகையைப் பூட்டிச் சாவியைக் கொண்டாந்து குடு. அன்னிக்கு எடுத்துக்க ஒன் முறைத் தண்ணியை."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். கிணறு இரண்டு வீட்டுக்கும் பங்கு. பத்து நாளில் ஏழு நாள் விருமாண்டிக்கு, மூன்று நாள் முத்திருளனுக்கு. கமலையில் மாட்டைப் பூட்டித் தண்ணீர் மொண்டு இறைக்கிற கூனையும், அதை இழுக்கிற வடக்கயிறும் பொதுச் சொத்து. மூத்த பங்காளி வீட்டில்தான் இருக்கும். அவை இல்லாமல் கிணற்றில் தண்ணீர் கிடந்தும் இல்லாத மாதிரிதான். மிளகாயோ பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. பங்குனி வெயிலில் ஒரு முறை தண்ணீர் தவறினால் பூ உதிரும். இரண்டு முறை தவறினால் செடியே போய்விடும். அந்த மிளகாயை விட்டால் அடுத்த பருத்தி வரைக்கும் அந்த வீட்டுக்கு வேறு பிழைப்பு இல்லை.

"பூட்டிருவமா அன்னம்?" என்றார் முத்திருளன். அவர் கண் கலங்கியிருந்தது.

"பூட்டுனா?"

"மிளகாய் பொழைக்கும்."

"அம்புட்டுப் பேரையும் வரச்சொல்லிக் கஞ்சி ஊத்திட்டு, இப்ப வராதீகன்னு எந்த வாயால சொல்றது? மிளகாயும் வேணும். கொட்டகையும் வேணும்."

"ரெண்டும் எப்புடிடி?"

"எப்புடின்னு தெரியல. வேணும்ங்கிறது தெரியுது."

எரவாணத்தில் செருகியிருந்த சுடலையின் சிரட்டையை உருவி எடுத்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடைக்கு நடந்தாள். முக்கால் மைலுக்கு அந்தப் பக்கம் மணலைத் தோண்டினால் ஊத்துத் தண்ணீர் சுரக்கும். ஒரு குடம் கொண்டுவந்து, ஒரு செடிக்கு ஒரு சிரட்டை என்று ஊற்றினாள். குடம் தீர்ந்தது. மறுபடி நடந்தாள்.

நான் மதுரைக்கு வந்து ரெங்கம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுநாள் அவள் ஜட்கா வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒத்தக்கடைப் பக்கம் பாவை கட்டியிருந்த கண்ணுச்சாமியும் பெட்டியை மூடிவிட்டு வந்துவிட்டார். சுடலையும் அவர் சம்சாரம் தங்கப்பொண்ணும் அதற்கு முன்பே வந்திருந்தார்கள். நானும் முதலாளியிடம் காய்ச்சல் என்று பொய் சொல்லி மூன்று நாள் குடம் தூக்கினேன். என் தோள்பட்டை இன்றைக்கும் அதைச் சொல்லும்.

இரண்டாம் நாளே ரெங்கம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். குடத்துத் தண்ணீர் பாதி அவள் சேலையில் இருந்தது.

"பதினாறு வருசமா மேடையில குடம் தூக்குறேன் அன்னம். அதுல ஒரு நாளும் தண்ணி இருந்ததில்ல."

தங்கப்பொண்ணு சிரித்துவிட்டு அவளை எழுப்பி நிறுத்தினாள். "குடத்தைப் பாக்காதீக தாயி. எட்டி வைக்கிற காலைப் பாருங்க. இடுப்பு தானா ஒத்துக்கிரும்." முன்னால் தங்கப்பொண்ணு நடக்க, பின்னால் ரெங்கம்மாள் அதே மாதிரி நடந்து பார்த்தாள். நாலு ஜில்லா கைதட்டிய நடையை வரப்பிலேயே கழற்றி வைத்துவிட்டுப் புதுசாக நடக்கக் கற்றுக்கொண்டாள். அவளை நினைத்தால் எனக்கு இப்போதும் கும்பிடத் தோன்றுகிறது.

பன்னிரண்டு நாள் இப்படிப் போயிற்று. முழுத் தோட்டத்தையும் சிரட்டையால் காப்பாற்ற முடியுமா? கிழக்கே பாதித் தோட்டம் கருகிவிட்டது. ஓடைப் பக்கத்துப் பாதி உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் நாலு நாள் தாங்கும், அதற்குமேல் ஊத்தே வற்றிவிடும் என்றார் சுடலை.

அந்த நடையிலிருந்துதான் பங்குனி அமாவாசைக்கான ஆட்டம் வந்தது. ஒருத்தி தண்ணீர் தேடி நடக்கிறாள். அவ்வளவுதான் கதை. பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. சுடலை பதம்போட்டுக் கொடுத்த ஆட்டுத் தோலில் கண்ணுச்சாமி ஒரு கிணறும், இரண்டு மாடும், காய்ந்த செடிகளும் வெட்டியிருந்தார். மணலில் ஊத்து கசிகிற சத்தத்தை நடுவிரலால் தப்பில் கொண்டுவந்தார் சுடலை. கிணறு இருக்கிறது, மாடு இருக்கிறது, வடம் இல்லை. வடத்தை வைத்திருக்கிறவனிடம் அவள் கேட்கிறாள். அந்த வடக்கயிற்றுக்காரனாக யார் நிற்பது?

"நான் நிக்க மாட்டேன். சித்தப்பு மாதிரி நின்னேன்னா நாளைக்குச் சாவடியில அவரு மூஞ்சில முழிக்கணும்" என்றார் முத்திருளன்.

சுடலையும் கண்ணுச்சாமியும் அந்தப் பேச்சுக்கே வரவில்லை. ஊரில் இருக்கிற பயம் அப்படி. கடைசியில் அன்னக்கொடி, "யாரும் நிக்க வேணாம். அந்த எடம் வெறும் வெயிலா இருக்கட்டும். அக்கா வெயிலைப் பாத்துக் கேக்கட்டும்" என்றாள்.

அமாவாசையன்று கொட்டகை நிரம்பிவிட்டது. தண்ணீரை நிறுத்தின செய்தி ஊர் முழுக்கத் தெரியும் என்பதால் என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று வந்தவர்கள் பாதிப் பேர். விருமாண்டியின் சம்சாரம் ஒச்சாயி முக்காடு போட்டுக்கொண்டு பொம்பளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கிழக்கு வாசல் பக்கம், நடுவில் வேட்டி, அதற்கு மேற்கே ஆடுகிறவர்கள். நான் ஓரச் சுவரில் சாய்ந்திருந்ததால் இரண்டு பக்கமும் தெரிந்தது.

ரெங்கம்மாள் நடந்தாள். தங்கப்பொண்ணு சொல்லிக் கொடுத்த நடை. "அடியே, நம்ம நடைடி இது" என்று ஒரு கிழவி சத்தமாகச் சொன்னாள். செடிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. கிணறு வந்தது. மாடு வந்து நின்றது. ரெங்கம்மாள் குடத்தை ஏந்திக்கொண்டு, வேட்டியில் வெறும் வெயில் விழுந்த பக்கம் பார்த்துத் திரும்பினாள்.

அந்த வேளையில் விருமாண்டி கிணற்றுப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். மாட்டுக்கு ஓய்வு என்பதால் அமாவாசையன்றுதான் வடத்துக்கு எண்ணெய் போட்டு முறுக்குப் பார்ப்பது வழக்கம். வேலை முடிந்து, வடத்தைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர், பொழுது இறங்குகிறது, சாவடிக்கு ஆள் சேரவில்லை என்ற கோபத்தில் குறுக்கு வழியாக மேற்கு வாசலுக்கே வந்துவிட்டார். வாசலுக்கு வெளியே இருந்த களத்து மேட்டில் ஏறி நின்றார். வெயில் அவர் முதுகில் இருந்தது.

வேட்டியில், காலியாக விட்டிருந்த இடத்தில், தலைப்பாகையும் மீசையும் தோளில் வடச்சுருளுமாக ஒரு ஆள் வந்து நின்றான்.

சுடலை திரும்பிப் பார்த்தார். அவர் கை தப்பின் மேல் அப்படியே நின்றுவிட்டது. அவர் பயந்து எழுந்திருப்பார், ஆட்டம் இதோடு சரி என்றுதான் நான் நினைத்தேன். விருமாண்டி ஒரு எட்டு வைத்தார். சுடலை ஒரு அடி போட்டார். இன்னொரு எட்டு, இன்னொரு அடி. விருமாண்டி நின்றார். தப்பும் நின்றது.

"நிப்பாட்டுங்கடா! பொழுது எறங்குறது தெரியல?" என்று கையைத் தூக்கினார். தூக்கிய கைக்கு இரண்டு அடி விழுந்தது.

ரெங்கம்மாள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேட்டியில் தெரிந்த அவர் நிழலுக்கு முன்னால், தன் நிழல் மண்டியிடும்படி மெல்ல இறங்கி, வெறும் குடத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"எந்திரி தாயி. என்ன இது, எந்திரி" என்றார் விருமாண்டி. அவர் குரல் தணிந்துவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. அவரும் நகரவில்லை. குடம் நீட்டினபடியே இருந்தது.

வேட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒச்சாயியின் குரல் வந்தது. "ஏன்யா, அம்புட்டு நேரமா கேக்குறா. தோள்ல வச்சுக்கிட்டே நிக்கிறியே. குடுத்துத் தொலையேன்யா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தன் பெண்டாட்டி குரல் அங்கே எப்படி வந்தது என்று விருமாண்டிக்குப் புரியவில்லை. உள்ளே வந்து வேட்டியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார். நூறு முகம் அவரைப் பார்த்தது. சிரித்தவர்கள் வாயைப் பொத்தினார்கள். முன்வரிசையில் இருந்த கிழவி மட்டும் அழுதுகொண்டிருந்தாள். அவர் அவளைப் பார்த்தார், அந்த வேட்டியைப் பார்த்தார். பிறகு மேற்கே திரும்பி வெயிலைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

முத்திருளன் ஆர்மோனியத்துக்குப் பின்னால் ஒடுங்கிவிட்டார். அன்னக்கொடி மட்டும் சின்ன மாமனாரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். விருமாண்டி மெதுவாக மறுபடி மேட்டுக்குப் போய், நின்ற இடத்திலேயே நின்றார். தோளை ஒரு பக்கமாகச் சாய்த்தார். வடம் வழுக்கி விழுந்தது. வேட்டியில் அது விழுந்ததை ஊரே பார்த்தது. சுடலை அடிக்கவில்லை. அந்த இடத்தில் அடிக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"சாவடிக்கு நேரமாச்சு. ஆம்பளைக கெளம்புங்க" என்று சொல்லிவிட்டு விருமாண்டி வெறும் தோளோடு நடந்தார். அன்று நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மறுநாள் வடத்தைப் பற்றி யாரோ கேட்டதற்கு, "மறந்து போட்டுட்டு வந்துட்டேன்" என்றாராம். கூனையும் அன்று காலையில் கிணற்றடியில் மறந்து கிடந்தது. தன் முறை மூன்று நாளும் முத்திருளன் கமலை ஓட்டினார். ஓடைப் பக்கத்து மிளகாய் பிழைத்தது. சிரட்டையை அன்னக்கொடி மறுபடி எரவாணத்தில் செருகவில்லை, தோட்டத்திலேயே விட்டுவிட்டாள்.

சித்திரை அமாவாசைக்கு, பங்குனி ஆட்டத்தையே இன்னொரு தரம் போடச் சொல்லிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் கேட்டார்கள். நோட்டீஸைக் கொண்டுபோனேன். எல்லாம் ஒரே எழுத்து. ஆட்டத்துக்கு முன்னால் கஞ்சி நேரம். மேற்கு வாசலுக்கு வெளியே, களத்து மேட்டில், நான் வந்து சேர்ந்த பிறகு, எண்ணெய் போட்ட வடத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு விருமாண்டி வந்து நின்றார். நான்கு மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

"உள்ள வாங்க மாமா" என்றாள் அன்னக்கொடி.

"உள்ளயெல்லாம் வரமாட்டேன். ஒங்க பாயில உக்காரவும் மாட்டேன். அதுக்கு ஆளு நானில்ல."

"வராட்டிப் போங்க. வெளிய நின்னாத்தான் ஒங்க நெழலு விழும்."

விருமாண்டி வாசல்வரை வந்து கையை நீட்டினார். ஊரில் எந்த வீட்டு விசேஷத்திலும் முதல் பங்கு வாங்கிப் பழகின கை. அன்னக்கொடி கலயத்தை எடுத்தாள், நிரப்பினாள், சுடலையிடம் கொடுத்தாள்.

"வந்த வரிசை மாமா."

நீட்டின கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல இறங்கியது. கண்ணுச்சாமி வாங்கினார், ரெங்கம்மாள் வாங்கினாள், எனக்கும் கிடைத்தது. சுடலை பாயில் உட்கார்ந்து குடிக்க, விருமாண்டி வெயிலில் நின்று தன் முறைக்குக் காத்திருந்தார். கடைசிக் கலயம் அவருக்கு வந்தது. மூக்குமுட்டக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். ரொம்ப நேரமாக எதையோ மனசில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தவர் போல வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே குனிந்தார்.

"ஏ சுடலை. நான் கையைத் தூக்குறப்ப ரெண்டு அடி போட்டேல்ல?"

"ஆமாங்கய்யா."

"பத்தாது. மூணு போடு."

சுடலை கலயத்தைக் கீழே வைத்தார். அந்த ஊரில் பிறந்து, ஐம்பது வயசு வரைக்கும் விருமாண்டி சொன்னதற்கு ஆகட்டும் என்பதைத் தவிர வேறு வார்த்தை சொல்லாத மனுஷன். தப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு விரலால் மூன்று அடி அடித்துப் பார்த்தார். பிறகு இரண்டு அடி அடித்தார். கண்ணை மூடி யோசித்தார்.

"மூணு வேணாங்கய்யா. மூணு போட்டா கோவந்தான் தெரியும். ரெண்டு போட்டாத்தான் ஒங்க பயமும் தெரியும். ரெண்டே இருக்கட்டும்."

அன்னக்கொடியின் அகப்பை பானைக்குள்ளேயே நின்றுவிட்டது. விருமாண்டி சுடலையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு களத்து மேட்டில் போய் நின்று, வெயிலைப் பார்த்து இரண்டு தரம் கையைத் தூக்கி இறக்கினார்.

"ரெண்டே போடு" என்றார்.